கோவ்துனுக்கு ஒரு பூசணிக்காய்

அதனால் தெம்யான் கண்ணு, முதல் விஷயம் அந்த ஆளுக்குத் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது, அதை நீ மனதில் வைத்துக்கொள். இரு, இரு. நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். பேனாவை எடுப்பதற்கு முன்பே பாதிக் கடிதம் எனக்குள் ஓடி முடிந்துவிடுகிறது, என்ன செய்ய. முறையாகவே எழுதுகிறேன்.

கீவ் நகரத்தில் கால்பந்துப் பத்திரிகையில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் தெம்யானுக்கு, வெர்பினா கிராமத்திலிருந்து உன் பெரியம்மா வர்வாரா அநேக ஆசீர்வாதங்களோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நான் நலம், பசு நலம், வாத்துகளும் நலம். மழை வருவதற்கு முன் என் இடுப்பு மட்டும் எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறது. மருமகள் சொலோமியா நலமா, பாப்பாவுக்குப் பல் வந்ததா? பல் வரும்போது வெள்ளிக் கரண்டியால் தட்டிப் பார்க்கச் சொன்னேனே, தட்டினீர்களா, இல்லை பட்டணத்தில் அதெல்லாம் கிடையாதா? உன் அம்மா ஒரிஸ்யாவும் நலம். அளவுக்கு மீறி நலம். அங்கேதான் எனக்குச் சந்தேகமே வருகிறது. ஐம்பது தாண்டிய விதவை, கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது பாட்டுப் பாடினால் அது நல்லதுக்கா, நீயே சொல்.

போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போன் உன் அம்மா கையில் இருக்கிறது. தபாலில் போடலாமே என்பாய். தபால்காரி தெக்லியா ஒவ்வொரு உறையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவாள். ஆகவே இதைக் கீவ் பஸ் டிரைவர் ஹிரிஹோரி கையில் கொடுத்தனுப்புகிறேன். அவனுக்குப் படிக்கப் பொறுமை கிடையாது.

விஷயம் இதுதான். வருகிற புதன்கிழமை தேவமாதாவின் முக்காட்டுத் திருநாள். அன்று சாயங்காலம் உன் அம்மாவைப் பெண் கேட்டு வரப்போகிறார்கள். பிடித்திருந்தால் வந்தவர்கள் தோளில் பூவேலைத் துண்டைக் கட்டுவாள், பிடிக்காவிட்டால் கையில் பூசணிக்காயைக் கொடுத்து அனுப்புவாள், உனக்குத் தெரியாததா. யாருக்காகக் கேட்டு வருகிறார்கள் என்று தெரிந்தால் நீ நாற்காலியிலிருந்து விழுவாய். லவ்ரின் கோவ்துன். ஆமாம், அதே லவ்ரின் கோவ்துன். அல்லது அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நம் ஊரில் சுற்றும் மொட்டைத் தலை.

கோவ்துன் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம், அதற்குத்தான் உனக்குச் சம்பளம். ஆனால் நீ பிறப்பதற்கு முன்பே அவன் முழங்கால் போய் ஆட்டத்தை விட்டுவிட்டான், நானோ பார்த்தவள். பார்த்தவள் என்றால், உன் பெரியப்பா பனாஸ், அவர் ஆத்மா இளைப்பாறட்டும், டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்ததை அடுப்படியிலிருந்து கேட்டவள். தெற்கே புல்வெளிக் கிராமத்தில் டிராக்டர்காரன் மகனாம். பந்து கிடைக்காமல் சர்க்கரைக் கிழங்கை உதைத்துப் பழகினவனாம், அதனால்தான் அவன் அடித்த பந்தைப் பிடித்தால் கோல்கீப்பருக்கு மணிக்கட்டு வீங்குமாம். மாஸ்கோவில் வீடும் காரும் தருகிறோம் என்று கூப்பிட்டபோது, அங்கே போர்ஷ்ட் சூப்பில் பீட்ரூட் போதாது என்று சொல்லிக் கீவ் அணியிலேயே இருந்துவிட்டானாம். அப்புறம் அந்த மழை ஆட்டம். எதிரே ஜெர்மன்காரர்கள், மைதானம் முழுக்கச் சேறு, பந்து உருளவே மாட்டேன் என்கிறது, இந்தப் பையன் மட்டும் நாலு பேரைத் தாண்டிப் போய் அடித்தான் பார், பெரியப்பா குதித்த குதியில் மூலையில் திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த மாதா படம் கீழே விழுந்தது. அப்போதெல்லாம் கம்யூனிஸ்ட் ஆட்சி, சாமி என்றாலே ஆகாது, படத்தை ஒளித்துத்தானே வைக்க வேண்டும், பெரியப்பா கூட்டுப்பண்ணையில் மேற்பார்வையாளர், வெளியே தெரிந்தால் வேலை போகும். அந்த வருஷம் நம் வட்டாரத்தில் பிறந்த ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் லவ்ரின் என்று பெயர் வைத்தார்கள். ஒரு லவ்ரின் இப்போது கரண்ட் கம்பத்தில் ஏறுகிறான், குடித்துவிட்டுத்தான் ஏறுகிறான். ஒரு லவ்ரின் போலந்தில் ஆப்பிள் பறிக்கிறான். தெக்லியா வீட்டு ஆட்டுக்கடாவுக்கும் அதே பெயர், அது ஒன்றுதான் கொஞ்சமாவது பேருக்கேற்றபடி முட்டுகிறது.

அப்படிப்பட்ட ஆளுக்கு நம் ஊரில் என்ன வேலை? இதைத்தான் நான் எல்லாரையும் கேட்கிறேன், ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, கல்லறைக்குச் சாப்பாடு கொண்டுபோய்ப் படைத்துவிட்டு எல்லாரும் திரும்புகிற நேரம், பஸ்ஸிலிருந்து இறங்கினான். ஒரு பெட்டி, ஒரு தூண்டில். செத்துப்போன மாட்டு டாக்டரின் குளக்கரை வீட்டை வாடகைக்கு எடுத்தான். எதுக்கு வந்தீங்க என்று கேட்டால் மீன் பிடிக்க என்கிறான். நம் குளத்தில் தவளையைத் தவிர என்ன இருக்கிறது? அதைவிடப் பெரிய விஷயம் கேள். பஸ்ஸிலிருந்து இறங்கினதும் தெக்லியாவிடம் அவன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அம்மா, ஒரிஸ்யா சவ்சூக் வீடு எது?" சவ்சூக்! உன் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். உன் அப்பாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்தப் பெயரை அவளே மறந்திருப்பாள். முகம் தெரியாத ஆள், தூண்டிலும் கையுமாக வந்து, கல்யாணத்துக்கு முந்தின பெயரைச் சொல்லிக் கேட்கிறான் என்றால் ஒன்று அவன் ரகசியப் போலீஸ், இல்லை விதவைகளின் பெயர்களைத் திரட்டி வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவன். நான் இரண்டாவதைத்தான் நம்புகிறேன். வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் நாட்டில் நிறைந்து போய்விட்டார்கள். உன் அப்பா நட்ட ஆப்பிள் மரங்கள் இருக்கிற வீடு அது, தம்பி.

அதனால் நானே விசாரிக்க ஆரம்பித்தேன். பத்திரிகையில் வந்த கோவ்துன் படம் ஒன்றைப் பெரியப்பா நிலவறைக் கதவின் உள்பக்கம் மாவுப் பசையால் ஒட்டியிருந்தார், உனக்கு ஞாபகம் இருக்கும், ஊறுகாய் எடுக்கப் போகும்போதெல்லாம் நீ அதற்கு நாக்கை நீட்டுவாய். அந்தப் படத்தில் ஆட்டுக்குட்டி மாதிரிச் சுருட்டை முடி. இந்த ஆள் முட்டை. முடி கொட்டும், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் காது கொட்டாது, காதை வைத்து ஒப்பிடலாம் என்று படத்தை உரித்தேன், வரவில்லை, பெரியப்பா ஒட்டினால் ஒட்டினதுதான். சரி என்று கரண்ட் லவ்ரினைக் கூப்பிட்டுக் கதவையே கழற்றி, கைவண்டியில் வைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடி, குளக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவன் முற்றத்தில் உட்கார்ந்து கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தான். நான் வேலி ஓரமாக நின்று சாக்கைக் கொஞ்சம் தூக்கிக் காதைப் பார்க்கிறேன், அப்புறம் இவன் காதைப் பார்க்கிறேன், மறுபடி படம். எழுந்து வந்துவிட்டான்.

"என்னங்க, கதவு ரிப்பேரா?"

நான் என்ன சொல்ல? "ஆமா, கீல் போச்சு"ன்னு சொல்லிட்டேன்.

சாக்கை விலக்கிட்டு, படத்தை ரொம்ப நேரம் பார்த்தான். அசல் ஆளா இருந்தா என்ன சொல்லணும்? இது நான்தான்னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லணுமா இல்லையா? இவன் சொல்றான், "பாவம், இந்தப் பையனுக்கு முடி ஜாஸ்தி. சீப்பே வாங்கித் தரல போல." அவ்வளவுதான். அப்புறம் வண்டியைத் தானே தள்ளிட்டு வந்து, கதவை இழைச்சு, எண்ணெய் போட்டு, மாட்டிக் குடுத்தான். தலைகீழா மாட்டிட்டான். இப்ப நான் ஊறுகாய் எடுக்கப் போனா கோவ்துன் தலைகீழா நின்னு என்னைப் பார்க்கிறான். இதுக்கு நடுவுல கதவு இல்லாத நிலவறைக்குள்ள வாத்துங்க இறங்கி, ஊறப்போட்ட முட்டைக்கோஸ் பூரா காலி. காதைப் பத்திக் கேக்காதே, பார்க்கவே மறந்துபோச்சு.

அடுத்தது பூ. உன் அம்மாவுக்குச் சாமந்திப் பூ கொண்டு வந்தான், நான் அங்கேதான் உட்கார்ந்து பீன்ஸ் உரிச்சுட்டிருந்தேன். எண்ணிப் பார்த்தேன். இரட்டைப் படை! உயிரோட இருக்கிற பொம்பளைக்கு யாராவது இரட்டைப் படையில பூ கொடுப்பாங்களா? அது கல்லறைக்கு வைக்கிற கணக்கு. "ஐயா, என் தங்கச்சி இன்னும் சாகல"ன்னேன். அவன் எண்ணிப் பார்த்துட்டு, முகம் செவந்துபோய், "வழியில ஒண்ணு விழுந்திருக்கும்"னு சொல்லி, கொத்துல இருந்து ஒரு பூவை உருவி என் கையில குடுத்துட்டான். "இப்ப சரியாப் போச்சுங்களா?" லஞ்சம்! பட்டப்பகல்ல! நான் அதை வாங்கினேன், ஏன்னா பூ என்ன பாவம் செய்தது, ஆனா மயங்கல.

அப்புறம் மைதானத்துக் கதை. நம்ம கிராமத் தலைவர் ஸஹாரி உனக்குத் தெரியும், மேடை இல்லாட்டி அந்த மனுஷன் ஒரு டம்ளரைக் கவிழ்த்து அதுமேல ஏறிப் பேசுவார். ஊர்ல கோவ்துன் வந்து குடியிருக்கார்னு தெரிஞ்சதும் மாடு மேய்ற இடத்துக்கு 'லவ்ரின் கோவ்துன் விளையாட்டு அரங்கம்'னு பலகை அடிச்சுட்டார். கோயில் திருநாளன்னைக்குத் திறப்பு விழா. நாங்க பாடகர் குழுப் பொம்பளைங்க ஒரு ஓரமாப் பெரிய அண்டாவுல போர்ஷ்ட் கொதிக்க வெச்சிருந்தோம். தலைவர் கோட்டு சூட்டோட கோல் வலையில நிக்கிறார், கோவ்துன் முதல் பந்தை அடிக்கணும். ஊரே மூச்சைப் பிடிச்சுட்டு நிக்குது. அந்த ஆள் பந்தை வெச்சான், குனிஞ்சு ஷூ லேஸைக் கட்டினான், நிமிர்ந்தான், அடிச்சான். பந்து வலைக்கு மேல, பலகைக்கு மேல, வில்லோ மரத்துக்கும் மேல போயி, நேரா வந்து எங்க அண்டாவுக்குள்ள விழுந்தது. என் வெள்ளைச் சட்டை இன்னும் சிவப்புதான். அந்த வலை எவ்வளவு அகலம்! நம்ம பசு தூங்கிட்டே நடந்தாலும் அதுக்குள்ள போயிடும். ஆனா ஊர்க்காரங்க என்ன செய்தாங்க தெரியுமா, கை தட்டினாங்க! "கோவ்துன் அடிச்ச பந்து ஊறின போர்ஷ்ட்"னு சொல்லி வரிசையில நின்னு, கோயில்ல குடுக்கிற அர்ச்சிச்ச ரொட்டி மாதிரி ரெண்டு கையாலயும் வாங்கிக் குடிச்சாங்க. கரண்ட் லவ்ரின் ரெண்டாவது தரம் வந்தான்.

நான் விடல. நேரா அவன்கிட்டயே போனேன். "ஏங்க, ஜெர்மன்காரனைத் தாண்டிப் போட்ட கால், நம்ம ஸஹாரியைத் தாண்டிப் போட மாட்டேங்குதா?"

சிரிக்கிறான். "தலைவருக்கு ரத்தக் குழாய் அடைப்புன்னு போன மாசம்தான் நெஞ்சுல கம்பிச்சுருள் வெச்சிருக்காங்க. அவர் கைக்கு எட்டாம மேலயே போகட்டும்னு பார்த்தேன். மரம் வரைக்கும்தான் நெனச்சேன், அண்டா வரைக்கும் நெனைக்கல. உங்க சட்டைக்கு மன்னிச்சுடுங்க."

நல்லா இருக்கே சாக்கு! எனக்குக்கூட அப்படி வரும். பாட்டுல சுருதி விட்டா, பாதிரியார் காதுக்கு நல்லதுன்னு விட்டேன்னு சொல்லலாமே.

ஆனா கண்ணு, இதெல்லாம் ஒண்ணுமில்ல. என் மனசை அறுக்கிறது கோயில் விஷயம். அந்த ஆள் ஞாயித்துக்கிழமை தவறாம வரான், வந்து தூணுக்குப் பின்னால நிக்கிறான். நான் மேல பாடகர் மாடியில இருக்கேனே, எனக்கு எல்லார் தலையும் தெரியும், அவன் தலை விளக்கு மாதிரித் தெரியும். ஒனுஃப்ரி பாதிரியார் ஆசீர்வாதம் சொல்றப்ப ஊரே சிலுவை போடுது. இவன் மட்டும் போடல. அந்த நேரம் பார்த்துக் குனிஞ்சு லேஸ் கட்டறான். ஒரு தடவைன்னா சரி. ஒவ்வொரு தடவையும்! ஜனங்க நெத்தியில கை வெச்சா இவன் கை காலுக்குப் போகுது. அதோட கட்டை விரலால கணுக்காலுக்கு மேல மேலும் கீழும், அப்புறம் குறுக்கால சொறியறான். மாட்டு டாக்டர் வீட்டுல தெள்ளுப்பூச்சி இருக்கும்னு முதல்ல நெனச்சேன். அப்புறம் ரெண்டு வாரம் முன்னாடி நல்ல மழை, தெரு முழுக்கச் சேறு, அந்த ஆள் ரப்பர் பூட்ஸ் போட்டுட்டு வந்தான். ரப்பர் பூட்ஸ்ல ஏது லேஸ்? நான் மாடியிலேர்ந்து குனிஞ்சு பார்க்கிறேன். பாதிரியார் கையைத் தூக்கினார், ஊர் சிலுவை போட்டுது, இவன் குனிஞ்சான்! இல்லாத லேஸைக் கட்டிட்டு, சொறிஞ்சுட்டு, நிமிர்ந்தான்! நான் பாட்டை விட்டுட்டேன். சிலுவை போடக் கூசுற மனுஷன் யாரு? உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அந்தப் பேரை நான் இந்தக் காகிதத்துல எழுத மாட்டேன்.

பூசை முடிஞ்சதும் பாதிரியார்கிட்ட ஓடினேன். "சாமி, அந்த ஆள் சிலுவை போடறதில்ல, லேஸ் கட்டறான், அதுவும் லேஸ் இல்லாத பூட்ஸ்ல!"

அவர் மெழுகுவர்த்தி அணைச்சுட்டே சொல்றார், "வர்வாரா, நீ மேல ஏறினது ஆண்டவரைப் பாடவா, ஊர்க்காரங்க காலைப் பார்க்கவா?"

"ரெண்டும்தான் சாமி, கண்ணை மூடிக்கிட்டா பாட்டு வராது."

"அவர் என்கிட்ட பாவமன்னிப்புக்கு வரவர். நான் ஒண்ணும் சொல்ல முடியாது. நீ நல்லாத் தூங்கு." இது என்ன பதில்? பாதிரியாரையும் வளைச்சுட்டான்.

அந்த லேஸைப் பத்தியும் சொல்லிடறேன். மத்த நாள்ல போடற ஷூவுல ஒரு லேஸ் இருக்கு, பார்த்தா பிச்சைக்காரன் வாங்க மாட்டான். கையால பின்னினது, ஒரு காலத்துல நீலமா இருந்திருக்கும், இப்ப சாம்பல் நெறம், நடுவுல ஒரு சிவப்பு நூல் மட்டும் ஓடுது, அங்கங்க அறுந்து முடிச்சுப் போட்டிருக்கு. நாட்டுக்கே கோல் போட்ட மனுஷனுக்கு ஒரு ஜோடி லேஸ் வாங்க வக்கில்லையா? நானே சந்தையில புதுசு வாங்கிட்டு வந்து, இவன் கை ஏந்தி வாங்கிக்கிறானான்னு பார்க்க, குடுத்துப் பார்த்தேன். வாங்கிட்டு நன்றி சொன்னான், மறுநாள் அதுல தக்காளிச் செடியைக் கட்டி வெச்சிருக்கான்.

இவ்வளவும் உன் அம்மாகிட்ட வரிசையாச் சொன்னேன். அவ வரேனிகிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைஞ்சுட்டே கேட்டா. கேட்டுட்டு, "அக்கா, அவரு ஏன் இந்த ஊருக்கு வந்தாருன்னுதானே உனக்குச் சந்தேகம்?"ன்னா.

"ஆமா."

"உனக்குத் தெரியாதா?"

"எனக்கெப்படிடீ தெரியும்?"

"நல்லா யோசிச்சுப் பாரு"ன்னு சொல்லிட்டு, முகத்துல மாவு அப்பியிருக்கிறதுகூடத் தெரியாம சிரிக்கிறா. நான் யோசிக்கிறேன் யோசிக்கிறேன், ஒண்ணும் வரல. "நீயே சொல்லேன்டீ"ன்னா, "நான் சொன்னா நீ நம்ப மாட்ட, தானா வந்தாத்தான் நம்புவ. உன்னை எனக்குத் தெரியாதாக்கா?"ங்கிறா. தங்கச்சி பேசற பேச்சா இது? உன் அப்பா போனதுலேர்ந்து தினம் ராத்திரி சாப்பாட்டை ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சாப்பிடுவோம், சீரியல்ல யாரு யாரை ஏமாத்தறாங்கன்னு நான்தான் அவளுக்கு முன்கூட்டியே சொல்லுவேன், எப்பவும் சரியா இருக்கும். இப்ப அவ சீரியல் பார்க்கிறதில்ல. குளக்கரைக்குப் போயி தூண்டில் போடறதைப் பார்க்கிறா. தவளையை! நான் தனியா உட்கார்ந்து யாரு ஏமாத்தறான்னு சுவத்துக்குச் சொல்றேன்.

அதனால நான் பூசணிக்காய் ஏற்பாடு பண்ணிட்டேன். பன்னிக்குன்னு வளர்த்த பெரிசு. தூக்க முடியல, உருட்டினேன். தெருவுல உருட்டிட்டுப் போனா ஊர் கேக்காதா? "யாருக்கு வர்வாரா பூசணிக்காய்?"னு தெக்லியா வேலிக்கு மேல தலையை நீட்டறா. "கஞ்சிக்கு"ன்னேன். "முக்காட்டுத் திருநாளுக்கு முன்னாடி கஞ்சியா?"ன்னு சிரிக்கிறா. உன் அம்மா வீட்டு வாசல்ல கொண்டு வெச்சேன், "புதன்கிழமை கைக்கெட்டுற இடத்துல இருக்கட்டும்"னு. அவ பார்த்தா, அதுமேல உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பிச்சுட்டா. "உயரம் சரியா இருக்கு அக்கா, ரொம்ப நன்றி." நாலு நாளா அதுதான் அவளுக்கு முக்காலி. நேத்து போனா, அந்த ஆள் அதுமேல உட்கார்ந்து டீ குடிச்சுட்டிருக்கான். தன்னை அனுப்ப வெச்ச பூசணிக்காய்மேலயே! அவனுக்குத் தெரிஞ்சிருக்கு தம்பி. என்னைப் பார்த்து எழுந்து நின்னு, "உட்காருங்க, கெட்டியா இருக்கு"ன்னான். அவன் போனதும் அதை மறுபடி என் வீட்டுக்கே உருட்டிட்டு வந்துட்டேன், இனி புதன்கிழமைதான் அதை வெளியே எடுப்பேன்.

ஆகவே தெம்யான், இனி எல்லாம் உன் கையில். உன் பத்திரிகையில் பழைய ஆட்களைக் கேள். அசல் கோவ்துன் எங்கே இருக்கிறான், உயிரோடு இருக்கிறானா, உடம்பில் என்ன அடையாளம் என்று விசாரி. விசாரித்ததும் உன் அம்மாவுக்குப் போன் போட்டு, "அம்மா, பூசணிக்காயைக் கொடு" என்று ஒரே வார்த்தை சொல். மகன் சொன்னால் கேட்பாள். என்னால் முடிந்தவரை நான் கதவு கழற்றிப் பார்த்துவிட்டேன். செவ்வாய்க்கிழமைக்குள் பதில் வராவிட்டால் நானே பூசணியைத் தூக்கி, அவனுக்காகப் பெண் கேட்டு வரப்போகிற அந்த ஸஹாரி தலைவர் மடியில் வைப்பேன், அவர் நெஞ்சில் கம்பிச்சுருள் இருந்தாலும் சரி.

தேவமாதா தம் முக்காட்டால் உன் வீட்டுக் கூரையை மூடிக் காக்கட்டும். சொலோமியாவுக்கு என் முத்தம், பாப்பாவின் பல்லுக்கு என் ஆசீர்வாதம். உறையோடு ஒரு ஜாடித் தேனும் உப்பிட்ட பன்றிக்கொழுப்பும் டிரைவரிடம் தருகிறேன். ஜாடி நிரம்ப இருந்தது, குறைந்திருந்தால் ஹிரிஹோரியைக் கேள்.

இப்படிக்கு, உன் நன்மையையும் உன் அம்மாவின் நன்மையையும் தவிர வேறு எதுவும் நினைக்காத,
பெரியம்மா வர்வாரா

பின்குறிப்பு: உறையை நாக்கால ஒட்டப் போனவ, அப்படியே உட்கார்ந்துட்டேன் கண்ணு. ஒட்டறதுக்கு முன்னால ஒரு தடவை படிச்சுப் பார்த்தேன். ரப்பர் பூட்ஸ் வர இடம் வந்ததும் என் காதுல உன் பெரியப்பா குரல் கேட்டுது, சத்தியமா, பக்கத்துல நிக்கிற மாதிரி. "ஏ வர்வாரா, ஓடி வா, கோவ்துன் லேஸ் கட்டறான்! இப்ப கோல் பாரு!" ஒவ்வொரு ஆட்டத்துலயும் அப்படித்தான் கத்துவார். டிவியில வர்ணனை பண்றவன்கூட "கோவ்துன் மறுபடியும் லேஸ் கட்டுகிறார், தோழர்களே"ன்னு அலுத்துக்குவான். ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கும். நான்தான் அடுப்படியில இருந்தேன், குரலை மட்டும் கேட்டேன், கையைப் பார்க்கலியே! மேலும் கீழும், அப்புறம் குறுக்கால. வலப் பக்கத்துலேர்ந்து இடப் பக்கம், நம்ம சபை வழக்கப்படி. சொறியல கண்ணு. சிலுவை! லட்சம் பேர் பார்க்கிற மைதானத்துல, டிவி முன்னால, அந்தக் காலத்துல ஒரு ஆட்டக்காரன் நெஞ்சுல சிலுவை போட்டா மறுநாள் அவனுக்குப் பந்து ஏது, ஷூ ஏது. என் அப்பா வாய்க்குள்ள நாக்கால போடுவார். உன் பெரியப்பா பாக்கெட்டுக்குள்ள கையை விட்டுப் போடுவார். இவர் கணுக்கால்ல போட்டிருக்கார். அந்தப் பழக்கம் இன்னும் போகல, கோயிலுக்குள்ளயே நின்னுட்டு இன்னும் ஒளிச்சுப் போடறார், பாவம். இதுதான் பாதிரியார் என்கிட்ட சொல்லாத சங்கதி போல. நான் அவரைப் போயி, எந்தப் பேரை எழுத மாட்டேன்னேனோ அந்தப் பேரால நெனச்சேன். மாதாவே.

அதனால நீ போன் போடாதே. போட்டா நல்லது மட்டும் பேசு. பூசணிக்காயை இப்பதான் கோடாலியால ரெண்டாப் பொளந்துட்டேன், கஞ்சி வெச்சுடறேன், தெக்லியாகிட்ட கஞ்சிக்குன்னு சொன்னது பொய்யாகக் கூடாது. புதன்கிழமைக்குக் கட்டற துண்டு உன் அம்மாகிட்ட நல்லதா இல்ல, என்னோடதை எடுத்து இஸ்திரி போடணும். நீ லீவு போட்டு வந்துடு, சொலோமியாவையும் கூட்டிட்டு வா.

ஹிரிஹோரி வெளியே ஹாரன் அடிக்கிறான். அடிக்கட்டும். இன்னொண்ணு இப்பதான் ஞாபகம் வருது. மழை ஆட்டத்துக்கு முந்தின குளிர்காலம், வாராவாரம் இந்த லேஸ் புலம்பலைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுக்கல, யாரு பெத்த பிள்ளையோ, நல்லதா ஒரு லேஸ் வாங்கித் தர நாதியில்லையேன்னு, கல்யாணமாகாம வீட்டுல இருந்த உன் அம்மாகிட்டச் சொல்லி ஒரு ஜோடி கெட்டியாப் பின்னச் சொன்னேன். நீல நூல்ல பின்னி, தன் துண்டுக்கெல்லாம் வைக்கிற மாதிரி நடுவுல ஒரு சிவப்பு நூல் ஓட்டிக் குடுத்தா. கீவ் அணி விலாசத்துக்கு நான்தான் பார்சல் போட்டேன். பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா கேலி பண்ணுவாரேன்னு, அனுப்பினவர் பேர் இருக்கிற இடத்துல என் பேர் எழுதாம, ஒரிஸ்யா சவ்சூக், வெர்பினா கிராமம்னு எழுதினேன்.